மேடை இலவசம், வகுப்பு?

லண்டனில் கல்வி மாநாடுகளுக்குப் பஞ்சமில்லை. பல நாட்டுக் கல்வி அமைச்சர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் உலகக் கல்வி மன்றம் நடப்பது இங்கேதான். கல்வித் தொழில்நுட்பத்துக்கான ‘பெட்’ கண்காட்சி கிழக்கு லண்டனின் எக்ஸெல் அரங்கை நிறைக்கிறது. ஆசிரியர் சங்கங்களும் அறக்கட்டளைகளும் உள்ளாட்சி மன்றங்களும் நடத்தும் சின்னக் கூட்டங்கள் தனி. இப்படிப்பட்ட கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி அடிக்கடி தென்படும்: பள்ளி மாணவர்களின் இசை நிகழ்ச்சி, அனுமதி இலவசம்.

அந்த நிகழ்ச்சியை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் உழைப்பு தெரியும். கால் அளவு, அரை அளவு வயலின்களோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளையால் பிருடையைத் திருகிச் சுருதி சேர்க்க முடியாது. ஆசிரியைதான் ஒவ்வொரு வயலினாக வாங்கி, காதோடு வைத்துக் கேட்டு, நான்கு தந்திகளையும் சரிபார்த்துத் திருப்பித் தருவார். கடைசி வயலின் சேர்ந்து முடிவதற்குள் முதல் வயலின் இறங்கியிருக்கும்; மறுபடி முதலிலிருந்து. அதன்பின் வில்கள் ஒன்றாக மேலே போகும், ஒன்றாகக் கீழே வரும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். கேட்டவர்களில் கண்கலங்காதவர்கள் குறைவு.

அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் இரண்டு, மூன்று ஆண்டுகளின் வாராந்தர வகுப்பு இருக்கிறது. அந்த வகுப்புக்கு யார் பணம் கட்டினார்கள்? பணம் கட்ட முடியாததால் இந்த வரிசையில் நிற்காமல் போன பிள்ளைகள் எத்தனை பேர்? கல்விக் கொள்கை வகுப்பவர்கள் அமர்ந்திருக்கும் அரங்கில் எழ வேண்டிய கேள்வி இதுதான். லண்டன் இந்தக் கேள்வியை முந்நூறு ஆண்டுகளாகச் சுற்றிச் சுற்றி வருகிறது.

தேவாலயத்துக்குள் ஆறாயிரம் குரல்

1704இல் லண்டனின் தரும பள்ளிகள் ஓர் ஆண்டுக் கூட்டத்தைத் தொடங்கின. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் அவை, நடந்ததெல்லாம் நன்கொடையில். பிள்ளைகளைச் சீருடையில் ஊர்வலமாக அழைத்துவந்து, தேவாலயத்தில் நிறுத்திப் பாடவைப்பார்கள். பிரசங்கம் நடக்கும். கொடையாளர்கள் பார்ப்பார்கள், மனமிரங்குவார்கள், பணம் தருவார்கள். 1782 முதல் இந்தக் கூட்டம் செயின்ட் பால் பேராலயத்துக்கு இடம் மாறியது. அந்த மாபெரும் குவிமாடத்தின் அடியில் மரத்தால் படிப்படியாக இருக்கைகள் எழுப்பி, பல ஆயிரம் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தார்கள்.

1792இல் அதைக் கேட்டவர் இசையமைப்பாளர் ஹைடன். வியன்னாவிலிருந்து வந்து லண்டனில் புகழின் உச்சியில் இருந்த நேரம். நாலாயிரம் பிள்ளைகள் ஒரே குரலில் பாடியதைப் போலத் தன்னை உருக்கிய இசை வேறில்லை என்று தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1851இல், மாபெரும் கண்காட்சியில் இசைக்கருவிகளுக்கான நடுவராக வந்திருந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸுக்கும் அதே அனுபவம். பாடகர்களோடு பாடகராக வெள்ளை அங்கி அணிந்து உள்ளே நின்றார். 6,500 பிள்ளைகள் பழைய சங்கீதப் பாடலொன்றை எடுத்ததும் அவரால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த இசைத்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஐரோப்பாவின் பெரிய அரங்குகளிலெல்லாம் இசைக்குழுவை நடத்திய மனிதர் அவர்.

அழகான நிகழ்ச்சிதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் பாடியது எதற்காக? தங்கள் பள்ளிக்கூடம் அடுத்த ஆண்டும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக. படிப்பு உரிமையாக இல்லாத காலத்தில் பாட்டைக் கொடுத்துப் படிப்பை வாங்கினார்கள்.

1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1891இல் தொடக்கக் கல்வி ஏறத்தாழ முழுவதும் கட்டணமற்றதானது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே, 1877இல், செயின்ட் பால் கூட்டமும் கடைசியாக நடந்து நின்றுபோனது. பள்ளிக்கூடத்துக்காக இனி எந்தப் பிள்ளையும் கொடையாளர்முன் நின்று பாட வேண்டியதில்லை என்ற நிலைக்கு இங்கிலாந்து மெல்ல வந்து சேர்ந்தது. இசை வகுப்பு மட்டும் இன்னும் 1877க்கு முந்திய லண்டனிலேயே நிற்கிறது. இந்தக் கட்டுரையின் வருத்தமெல்லாம் அதுதான்.

ஆறு பென்ஸும் ஒரு ஷில்லிங்கும்

அரசு பாட்டைக் கைவிட்டதென்று சொல்ல முடியாது. 1882இல் கல்வித் துறை ஒரு கணக்கு வகுத்தது. பிள்ளைகள் காதால் கேட்டு மட்டும் பாடினால் பள்ளிக்குத் தலைக்கு ஆறு பென்ஸ் மானியம். சுரம் பார்த்துப் பாடினால் ஒரு ஷில்லிங். அந்த ஆறு பென்ஸ் வித்தியாசத்துக்காகவே ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் ‘டானிக் சொல்ஃபா’ முறையைப் படித்தார்கள். அந்த முறைக்கும் ஒரு கல்வி மாநாடுதான் தொடக்கம்: 1841இல் ஹல் நகரில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர நல்ல வழி கண்டுபிடியுங்கள் என்று ஜான் கர்வென் என்ற இளம் பாதிரியாரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். நாரிச்சைச் சேர்ந்த சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கியிருந்த முறையை எடுத்து அவர் வளர்த்தார். மாநாட்டில் பேசியது வகுப்பறையில் வந்து இறங்கிய நல்ல உதாரணம் இது.

குரலுக்குச் செலவில்லை. கருவி என்று வந்தால்தான் சிக்கல். 1897 வாக்கில் மர்டாக் என்ற இசைக்கருவி வணிக நிறுவனம் ஒரு வழி கண்டது. மெய்ட்ஸ்டனில் ஒரு பள்ளியில் தொடங்கியதால் அதற்கு மெய்ட்ஸ்டன் இயக்கம் என்றே பெயர். வயலினைத் தவணையில் கொடுப்பது. பள்ளி நேரம் முடிந்ததும் கூட்டமாக உட்காரவைத்துச் சொல்லித்தருவது. பாடத்துக்குச் சில பென்ஸ்தான். முதல் உலகப்போருக்கு முந்திய ஆண்டுகளில் நான்கு லட்சம் பிள்ளைகள் இப்படி வயலின் கற்றதாகக் கணக்கிடுகிறார்கள்; ஏறத்தாழ பத்துக்கு ஒரு பிள்ளை. லண்டன் கிறிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் வில் பிடித்தார்கள். பாஸ்டனிலிருந்து ஆல்பர்ட் மிட்செல் என்ற இசைக் கண்காணிப்பாளர் வந்து இதைப் பார்த்துவிட்டுப் போய் அமெரிக்கப் பள்ளிகளில் கூட்டு வயலின் வகுப்பைத் தொடங்கினார். லண்டனிலோ, போருக்குப்பின் இயக்கம் தேய்ந்து மறைந்தது. வணிகத்தை நம்பி நின்றது வணிகத்தோடு போயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்தான் நல்ல காலம் வந்தது. அரசுப் பள்ளியில் தரப்படும் கல்விக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது 1944ஆம் ஆண்டுச் சட்டம். 1951இல் லண்டன் பள்ளிகளின் சிம்ஃபனி இசைக்குழு பிறந்தது. 1970இல் பிம்லிகோவில் இளம் இசைஞர் மையம் திறந்தது; சனிக்கிழமைதோறும் நகரின் மூலை முடுக்குகளிலிருந்து பிள்ளைகள் வந்து கற்றார்கள். உள் லண்டன் கல்வி ஆணையம் இதற்கெல்லாம் பின்னால் நின்றது. 1981இல் ஒரு மாவட்ட ஆணையம் இசைப் பாடத்துக்குக் கட்டணம் கேட்டபோது, அது சட்டத்துக்குப் புறம்பு என்று நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பின் ஆயுள் ஏழே ஆண்டு. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம், தனியாகவோ நான்கு பேருக்கு மிகாத குழுவாகவோ கருவி கற்பித்தால் கட்டணம் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. கணக்கும் அறிவியலும் இலவசம், வயலின் மட்டும் விலைக்கு. 1990இல் உள் லண்டன் கல்வி ஆணையமே கலைக்கப்பட்டது. 2007இல் நான்கு பேர் என்ற வரம்பும் தளர்ந்தது.

முதல் ஆண்டு வயலின், மறு ஆண்டு ரசீது

இன்றைய நிலை என்ன? தொடக்கப் பள்ளியில் வகுப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரு கருவி சொல்லித்தருகிறார்கள். விரும்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கருவி கற்கும் வாய்ப்பு என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிளங்கெட் கல்வி அமைச்சராக இருந்தபோது தந்த வாக்குறுதியின் வழிவந்தது இது. பல பள்ளிகளில் ஓராண்டு நடக்கும். பிள்ளைக்கு வில் பிடிக்க வந்து, ஒரு மெட்டு கையில் அமர்ந்து, ஆசையும் வேர்விட்ட நேரத்தில் ஆண்டு முடியும். வயலின் அடுத்த வகுப்புக்குப் போகும். வீட்டுக்குக் கட்டண விவரம் வரும். கட்ட முடிந்தவர்கள் தொடர்கிறார்கள்.

2012 முதல் ‘மியூசிக் ஹப்’ என்ற இசைக் கல்வி மையங்கள் இந்தப் பொறுப்பை ஏற்றன. நூற்றுக்கும் மேலாக இருந்தவை 2024 செப்டம்பரில் 43ஆகச் சுருங்கின. 2022ஆம் ஆண்டின் தேசிய இசைக் கல்வித் திட்டம் இவற்றுக்கு ஆண்டுக்கு 7.9 கோடி பவுண்டு என்று சொன்னது. பெரிய தொகையாகத் தெரியும். இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள்: ஆண்டு முழுவதற்கும் தலைக்குப் பத்து பவுண்டுகூட வராது. இசைக் கலைஞர் சங்கம் பரிந்துரைக்கும் ஆசிரியர் கட்டணமோ மணிக்கு நாற்பது பவுண்டுக்கு மேல். ஒரு பிள்ளைக்கு அரசு ஒதுக்குவது தனி வகுப்பில் கால்மணி நேரத்துக்குத்தான் காணும்.

பிரிட்டனின் இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் 2019இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு எண்கள் இருந்தன. மிக ஏழ்மையான பகுதிப் பள்ளிகளில் இசைக்குழு வைத்திருப்பவை 12 விழுக்காடு. தனியார் பள்ளிகளில் 85 விழுக்காடு. திறமை தபால் எண்ணைப் பார்த்துப் பிறப்பதில்லை. இந்த இடைவெளிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

செல்லோ வாசிக்கும் ஷேக்கு கேனே மேசன் 2016இல் பிபிசி இளம் இசைஞர் விருதை வென்ற முதல் கறுப்பினக் கலைஞர். நாட்டிங்ஹம் அரசுப் பள்ளி மாணவர். வீட்டில் ஏழு பிள்ளைகள், ஏழு பேரும் இசை. சனிக்கிழமைதோறும் லண்டன் ராயல் அகாடமிக்கு வந்து போனவர். இளவரசர் ஹாரியின் திருமணத்தில் வாசித்து உலகம் முழுதும் அறிமுகமானார். தான் படித்த பள்ளியில் செல்லோ வகுப்பு நின்றுபோகும் நிலை என்று தெரிந்தபோது, 3,000 பவுண்டு தன் பணத்தைக் கொடுத்தார். பத்துப் பிள்ளைகளால் தொடர முடிந்தது. அந்த இளைஞரின் மனசுக்குத் தலை வணங்கலாம். ஆனால் ஒரு பள்ளியின் செல்லோ வகுப்பு, முன்னாள் மாணவர் ஒருவர் புகழ்பெற்றாரா இல்லையா என்பதைப் பொறுத்தா இருக்க வேண்டும்? மறுபடியும் தரும பள்ளிக் காலம்தான்.

மாற்று வழி உண்டு என்று காட்டியவர்களும் லண்டனில் இருக்கிறார்கள். 1975இல் வெனிசுவேலாவில் ஜோசே அந்தோனியோ அப்ரூ தொடங்கிய ‘எல் சிஸ்தெமா’ என்ற இலவச இசைக்கல்வித் திட்டத்தில் வளர்ந்த இளைஞர்கள், குஸ்தாவோ துதாமெல் தலைமையில் 2007இல் ராயல் ஆல்பர்ட் ஹாலை அதிரவைத்தார்கள். இரண்டே ஆண்டில், அதே மாதிரியில் ‘இன் ஹார்மனி’ திட்டம் மூன்று இடங்களில் தொடங்கியது. ஒன்று லண்டன் லாம்பெத்தின் லான்ஸ்டவுன் கிரீன் குடியிருப்பு. அடுக்குமாடி வீடுகளில் வாழும் பிள்ளைகளுக்கு வாரத்தில் பல நாள், கருவியோடு, கட்டணமின்றி வகுப்பு. எல் சிஸ்தெமாவின் கண்டிப்பையும் அதிகாரப் போக்கையும் லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெஃப்ரி பேக்கர் 2014இல் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் பணம் இல்லாத வீட்டுக்கு வகுப்பு தேடிப் போக வேண்டும் என்ற அடிப்படையை யாரும் மறுக்கவில்லை. 2011இல் தொடங்கிய லண்டன் இசை நிதியம், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டு தொடர்ந்து கற்க உதவித்தொகை தருகிறது. நான்கு ஆண்டு என்பதுதான் இதில் உயிர். ஓராண்டில் இசை வராது என்பது நம் வீட்டுப் பாட்டிக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை, ஹாரோவில்

ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங். வார இறுதியில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடங்களில் தமிழ் வகுப்பு. பக்கத்து அறையில் பாட்டு, அடுத்ததில் மிருதங்கம். மின்சுருதிப் பெட்டி மேசைமேல் ஓடும். சரளி வரிசை முடித்த பிள்ளைகள் ஒருபுறம், வர்ணத்தில் நிற்பவர்கள் மறுபுறம். தாழ்வாரத்தில் காத்திருக்கும் பெற்றோர் கைப்பேசியில் அடுத்த வகுப்பின் நேரம் பார்ப்பார்கள். மேற்குக் கென்சிங்டனில் உள்ள பாரதிய வித்யா பவன் 1972 முதல் லண்டனில் செயல்படுகிறது. வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் மிருதங்கமும் அங்கே முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. இத்தனையும் நம்மவர்கள் கைக்காசு போட்டுக் கட்டியவை. பெருமைப்பட வேண்டியது.

இந்த ஆசிரியர்களில் பலர் யாழ்ப்பாணத்தில் படித்து வந்தவர்கள். அங்கே அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இலங்கையில் 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் கல்வி இலவசமானது. கர்நாடக சங்கீதம் அரசுப் பள்ளியில் ஒரு பாடம். சாதாரண தரப் பரீட்சைக்கு எடுக்கலாம். அதற்கென்றே அரசு நியமித்த சங்கீத ஆசிரியர் உண்டு. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தியது. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தபின், பட்டம்வரை கட்டணமில்லாமல் சங்கீதம் படிக்கலாம். போரும் இடப்பெயர்வும் குண்டுவீச்சும் நடுவே வந்தபோதும் அந்த ஏற்பாடு அறுந்துபோகவில்லை. தமிழ்நாட்டிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பன்னிரண்டு வயது முதல் பிள்ளைகள் நாதஸ்வரமும் தவிலும் தேவாரமும் மூன்றாண்டு கற்கிறார்கள், உதவித்தொகையோடு. வசதி குறைந்த நாடுகள் செய்ததை உலகின் பணக்கார நகரங்களில் ஒன்று செய்யவில்லை.

இதனால் லண்டன் தமிழ் வீட்டுக்கு இரட்டைச் செலவு. பள்ளியில் பியானோவோ வயலினோ தொடரக் கட்டணம், சனிக்கிழமை சங்கீதத்துக்குக் கட்டணம், பரீட்சைக்குத் தனி. பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்க்கும் தகப்பனுக்கு இது சிறிய தொகை அல்ல. கட்டணம் கேட்காமல் சொல்லித்தரும் ஆசிரியர்கள் நம்மிடையே சத்தமில்லாமல் இருக்கிறார்கள். அவர்களால்தான் பல பிள்ளைகள் தொடர்கிறார்கள். ஆனாலும் நம் ஆண்டு விழா மேடைகளையும் அதே கேள்வியோடு பார்க்க வேண்டியிருக்கிறது. அரங்கேற்றங்கள் திருமணத்துக்கு இணையான செலவில் நடக்கும் ஊரில், பாட்டு வகுப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளின் பட்டியலை எந்தச் சங்கமாவது வைத்திருக்கிறதா?

மாநாட்டிலிருந்து பிறந்த வகுப்புகள்

மாநாட்டுக் கச்சேரி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சரியாக நடந்த இடங்களில் அது பெரிய காரியங்களைச் செய்திருக்கிறது.

1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தன் சுருதிக் கொள்கையை வாயால் மட்டும் சொல்லவில்லை. அவர் குடும்பத்துப் பெண்கள் இசைத்துக் காட்டினார்கள். அறிஞர் சபை காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும் என்ற துணிச்சல் அது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மறு ஆண்டே மியூசிக் அகாடமி பிறந்தது. 1931இல் அகாடமி இசை ஆசிரியர்களுக்கான கல்லூரியைத் தொடங்கியது. கச்சேரி, மாநாடு, பிறகு ஆசிரியர் பயிற்சி. இந்த வரிசைதான் சரியான வரிசை. மார்கழியில் சபாக்களின் மதியக் கச்சேரிகளில் இளம் பிள்ளைகள் பாடுவதை நாம் இலவசமாகக் கேட்பதற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட நீண்ட ஏற்பாடு இருக்கிறது.

1958இல் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் தந்தி இசை ஆசிரியர்கள் கூட்டமொன்றில் ஒரு படம் திரையிடப்பட்டது. ஜப்பானில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒன்றாகப் பாக்கின் இரட்டை வயலின் இசைக்கோவையை வாசிக்கும் காட்சி. தாய்மொழியை எப்படிக் கேட்டுக் கேட்டுக் கற்கிறோமோ அப்படியே இசையையும் கற்கலாம் என்ற ஷினிச்சி சுசுகியின் மாணவர்கள் அவர்கள். 1964இல் சுசுகியே பத்துப் பிள்ளைகளோடு ஃபிலடெல்ஃபியாவில் நடந்த இசை ஆசிரியர் மாநாட்டுக்கு வந்தார். கைதட்டியவர்கள் அதோடு நிற்கவில்லை; சுசுகியின் ஊரான மாட்சுமோட்டோவுக்குப் போய்க் கற்றுவந்து தங்கள் ஊரில் வகுப்பு தொடங்கினார்கள். 1970களில் அந்த அலை லண்டனுக்கும் வந்தது. சுசுகி முறையில் தாயோ தகப்பனோ ஒவ்வொரு வகுப்பிலும் கூட உட்கார வேண்டும். இரண்டு வேலை பார்க்கும் வீட்டுக்கு அது எட்டாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே கல்வி மாநாடு நடத்துபவர்களிடம் கேட்பதற்கு ஒன்று உண்டு. பிள்ளைகள் வாசித்து முடித்ததும் அவர்களை அனுப்பிவிட்டு அடுத்த உரைக்குப் போகாதீர்கள். அந்த ஆசிரியையை மேடைக்கு அழையுங்கள். இந்த வகுப்புக்கு எவ்வளவு செலவாகிறது, யார் தருகிறார்கள், அடுத்த ஆண்டு உண்டா என்று அமைச்சரின் முன்னிலையில் அவர் சொல்லட்டும். முன்வரிசையில் இருப்பவர்கள் பதில் சொல்லட்டும்.

லண்டன் தமிழ்ப் பெற்றோர் மாநாட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. கட்டணமும் சலுகையும் பற்றிய எழுத்துபூர்வமான கொள்கை இல்லாமல் அரசுப் பள்ளி பெற்றோரிடம் கட்டணம் கேட்க முடியாது. பாடத்திட்டத்தின் பகுதியாக நடக்கும் இசை வகுப்புக்குக் கட்டணம் கேட்கவே கூடாது. 2024–25 கல்வியாண்டு முதல், இசை வளர்ச்சித் திட்டத்தின் சுருக்கத்தைப் பள்ளிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று கல்வித் துறை எதிர்பார்க்கிறது. அதைத் திறந்து படியுங்கள். வகுப்பு முழுவதற்குமான பயிற்சி முடிந்தபின் பிள்ளைக்கு என்ன வழி என்று அதில் எழுதியிருக்கிறதா, கட்ட முடியாதவர்களுக்குச் சலுகை உண்டா, வீணையோ மிருதங்கமோ கற்கும் பிள்ளை பள்ளி நிகழ்ச்சியில் வாசிக்க இடமுண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதிக்கு இடம் காலியாகும்போது நம்மவர்கள் விண்ணப்பம் போடட்டும். வரவு செலவில் இசைக்கு எத்தனை பவுண்டு என்று கையைத் தூக்கிக் கேட்கும் உரிமை அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு உண்டு.